குரங்குப் பாதமும் அலமேலம்மாவின் சாபமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே வழக்கமான லண்டன் மழை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் பெண், ஆங்கிலப் பாடத்துக்காக ஒரு சிறுகதையைப் படித்து முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அப்பா, இந்தக் கதையில வர்ற குரங்குக் கை உங்க ஊர்லேர்ந்துதான் வந்துச்சாமே?"

எங்கள் ஊர் மைசூர். (2014லிருந்து அதிகாரபூர்வமாக மைசூரு. எங்கள் வீட்டில் இன்னமும் மைசூர்தான்.) கதையில் வருவதோ பொத்தாம்பொதுவாக 'இந்தியா'. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இரண்டும் ஒன்று. 'இல்லம்மா, அது வேற' என்று சொல்ல வாயெடுத்தவன், கொஞ்சம் யோசித்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டதில் விஷயம் இருந்தது. அதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தியும் சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையின் பெயர் 'தி மங்கிஸ் பா', அதாவது குரங்கின் பாதம். எழுதியவர் டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸ். 1902ல் வெளிவந்தது. நம்மில் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ துணைப்பாடமாகப் படித்திருப்போம். இதுவரை படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் நான் முடிவு வரை சொல்லப்போகிறேன்.

ஒயிட் என்று ஒரு வயதானவர், அவர் மனைவி, ஒரே பிள்ளை ஹெர்பர்ட். மழை கொட்டும் ஓர் இரவில் மாரிஸ் என்கிற சார்ஜெண்ட்-மேஜர் அவர்கள் வீட்டுக்கு வருகிறார். 21 வருடம் இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதம் இருக்கிறது. ஒரு பக்கீர் அதற்கு மந்திரம் போட்டு வைத்திருக்கிறார். மூன்று பேர், ஆளுக்கு மூன்று வரம் கேட்கலாம். விதியோடு விளையாடுகிறவன் வருந்துவான் என்று காட்டத்தான் பக்கீர் அப்படிச் செய்தாராம். மாரிஸ் அதை நெருப்பில் எறிகிறார். ஒயிட் பாய்ந்து எடுத்துக்கொள்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கலாமே என்று மகனே எடுத்துக்கொடுக்கிறான். மறுநாள் அவன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வருகிறார். ஹெர்பர்ட் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். கம்பெனி எந்தப் பொறுப்பும் ஏற்காது, ஆனாலும் அவன் செய்த வேலையை மதித்து ஒரு தொகை தருகிறது. எவ்வளவு? 200 பவுண்டு.

சில நாள் கழித்து, துக்கம் தாங்காத தாய் இரண்டாவது வரத்தைக் கேட்கச் சொல்கிறாள்: பிள்ளை திரும்பி வரட்டும். நடுராத்திரி கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் எட்டாமல் அவள் நாற்காலி போட்டு ஏறுகிறாள். வெளியே நிற்பது எந்தக் கோலத்தில் இருக்குமோ என்று நடுங்கும் தகப்பன், தரையில் தடவிப் பாதத்தைக் கண்டெடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்கிறான். தட்டுவது நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தால் வெறும் தெருவும் விளக்கும்.

அவ்வளவுதான் கதை. பேயை ஜேக்கப்ஸ் கடைசிவரை காட்டவே இல்லை.

ஜேக்கப்ஸ் 1863ல் லண்டனின் வாப்பிங்கில் பிறந்தவர். தேம்ஸ் கரையில் கப்பல் சரக்கு இறங்கும் பகுதி. அப்பா அங்கே ஒரு படகுத்துறையின் மேலாளர். பிள்ளை அஞ்சல் சேமிப்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, 1899ல்தான் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அவர் காலத்து வாசகர்களுக்கு அவர் மாலுமிகளையும் படகுக்காரர்களையும் வைத்துச் சிரிப்புக் கதை எழுதுகிறவர். இன்று அவர் பெயர் நிற்பது இந்த ஒரு திகில் கதையால்தான்.

நிற்க. கதை வந்த மறு வருடமே, 1903ல், லூயி என்.பார்க்கர் இதை ஓரங்க நாடகமாக்கினார். லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டரில் நடந்தது. 1915லும் 1923லும் பிரிட்டனில் ஊமைப்படங்கள். 1933ல் ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வெஸ்லி ரகில்ஸ் எடுத்தார். 1948ல் மறுபடி பிரிட்டனில், நார்மன் லீ இயக்கத்தில். அதற்கப்புறம் அப்படியே எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, கதையின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக உடம்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். 1972ல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' படத்தில் ஒரு பகுதி இதேதான். அதில் வரும் பாத்திரங்களுக்கே குரங்குப் பாதக் கதை தெரியும், தெரிந்தும் மாட்டிக்கொள்கிறார்கள். 1974ல் பாப் கிளார்க் எடுத்த 'டெத்ட்ரீம்' படத்தில் வியட்நாமில் செத்துப்போன சிப்பாய், தாயின் பிரார்த்தனையால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறான். 1983ல் வந்த ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி' நாவலில் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது உள்ளேயே வந்துவிடுகிறது. 1991ல் 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் வரை போய்விட்டது.

இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும். அந்த மந்திரப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. ஜேக்கப்ஸுக்கு இந்தியா. 1972 படத்தில் அது ஒரு சீன பொம்மை. 1991ல் ஹோமர் சிம்ப்ஸன் மொராக்கோவில் ஒரு கடைக்காரரிடம் வாங்குகிறான். எந்த ஊராக இருந்தாலும் சரி, 'இங்கே' இல்லாமல் 'அங்கே' இருந்தால் போதும். சாபம் எப்போதும் தூரதேசத்திலிருந்துதான் வர வேண்டும்.

என் பெண்ணின் அடுத்த கேள்வி அதுதான். "அந்த பக்கீர் கையிலேர்ந்து இவங்க கைக்கு அது எப்படிப்பா வந்துச்சு?"

கதையை மறுபடி புரட்டினேன். முதல் ஆள் தன் மூன்றாவது வரமாகச் சாவைக் கேட்டான், அதற்குப் பிறகு பாதம் தன்னிடம் வந்தது என்று மாரிஸ் சொல்கிறார். அந்த முதல் ஆளுக்கு எப்படிக் கிடைத்தது? பக்கீர் கொடுத்தாரா, விற்றாரா, பிடுங்கினார்களா? கதையில் யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் மைசூர் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சுமார் 15 கிலோமீட்டர். 1799 மே 4ம் தேதி கம்பெனிப் படைகள் கோட்டையைப் பிடித்தன. திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அன்றிரவு சிப்பாய்கள் ஊரைச் சூறையாடியது எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. பிற்பாடு மிச்சத்தைக் கணக்கெழுதி, பதவி வாரியாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துப் பிரித்தார்கள். அதிலிருந்த தங்கப் புலித்தலையும் ஹுமா பறவையும் இங்கிலாந்து அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. வெள்ளைக்காரன் மேல் பாய்ந்து நிற்கும் அந்த மரப்புலி 1808லிருந்து லண்டனில் கம்பெனியின் மியூசியத்தில் காட்சிக்கு இருந்தது. 1880ல் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போனது. நான் வேலைக்குப் போகும் ரயிலிலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

வில்கி காலின்ஸ் 1868ல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவல் இந்த ஸ்ரீரங்கப்பட்டணக் கொள்ளையில்தான் தொடங்குகிறது. ஓர் ஆங்கிலேய அதிகாரி, வைரத்தைக் காத்தவர்களைக் கொன்று அதை எடுத்துக்கொள்கிறான். வைரம் இங்கிலாந்துக்கு வருகிறது, கூடவே வினையும். காலின்ஸ் முதல் சில பக்கங்களிலேயே திருட்டைக் காட்டிவிடுகிறார். 34 வருடம் கழித்து எழுதிய ஜேக்கப்ஸிடம் அந்த முதல் பக்கங்கள் இல்லை. பொருள் மட்டும் மேஜை மேல் இருக்கிறது. பயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த இல்லாத பக்கங்களை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். குவெம்பு நகரில் எங்கள் எதிர்வீட்டு அஜ்ஜி, கரண்ட் போன ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். அது அலமேலம்மாவின் கதை. மைசூர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவர் திருமலராஜா. 1610ல் மைசூர் ராஜ உடையார் அந்த ஊரைக் கைப்பற்றினார். அதே வருடம்தான் அங்கே தசராவையும் தொடங்கினார். 2010ல் 400வது ஆண்டு என்று கொண்டாடினார்களே, அந்தக் கணக்கு இதுதான். இவ்வளவும் வரலாறு. இனிமேல் வருவது ஊர் சொல்வது.

திருமலராஜா நோயோடு தலக்காட்டுக்குப் போய் அங்கே இறந்துபோகிறார். மனைவி அலமேலம்மா காவிரிக்கு எதிர்க்கரையில் மாலங்கியில் இருக்கிறாள். ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாயகித் தாயாருக்கு விசேஷ நாட்களில் சாற்றும் நகைகள் அவளிடம் இருக்கின்றன. ராஜ உடையார் ஆள் அனுப்பிக் கேட்கிறார். அவள் முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்தனுப்புகிறாள். மீதியையும் வாங்கி வரப் படை போகிறது. அவள் நகைகளை முந்தானையில் முடிந்துகொண்டு காவிரியில் குதித்துவிடுகிறாள். குதிக்குமுன் மூன்று சாபம். தலக்காடு மணல் மூடிப் போக வேண்டும். மாலங்கி ஆழ்மடுவாக வேண்டும். மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போக வேண்டும்.

அஜ்ஜி இந்த மூன்றையும் விரல் விட்டு எண்ணிச் சொல்வார். எங்களுக்கு மயிர்க்கூச்செடுக்கும். பாதிக்கதையில் கரண்ட் வந்துவிட்டால் யாருக்கும் சந்தோஷமே இருக்காது.

மூன்று வரம், மூன்று சாபம். கடைசியில் ஒரு வாரிசு. எலும்புக்கூடு ஒன்றேதான். ஆனால் குரங்குப் பாதத்தில் பொருள் வந்த வழி தெரியாது. இங்கே அந்த வழிதான் கதையே. யார் கேட்டார்கள், யார் மறுத்தாள், யார் படை அனுப்பினார் எல்லாம் தெரியும். எடுக்க வந்தவர்கள் பக்கத்திலிருந்து இல்லாமல், பறிகொடுக்கவிருந்தவள் பக்கத்திலிருந்து சொன்ன கதை.

சரி, சாபம் பலித்ததா?

தலக்காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மைசூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மணல் மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கோயில்கள். பஞ்சலிங்க தரிசனத்துக்கு (2013ல் ஒன்று, 2020ல் ஒன்று) மணலை வாரி ஒதுக்கி வழி செய்கிறார்கள். ஆனால் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரும் கன்னட நாவலாசிரியருமான கே.என்.கணேஷய்யா வேறு காரணம் சொல்கிறார். 14ம் நூற்றாண்டில் விஜயநகர அமைச்சர் மாதவ மந்திரி பேரில் அங்கே ஓர் அணைக்கட்டு வந்தது. நீரோட்டம் மாறி ஆற்று மணல் வெளியே தெரிய, பருவக்காற்று அதை அள்ளி ஊர்மேல் கொட்டியது. அப்படியானால் மணல் வர ஆரம்பித்தது அலமேலம்மாவுக்கு வெகு காலம் முன்பே. சாபத்துக்கு முன்பே பாதி பலித்துவிட்டது!

மூன்றாவது சாபம் இன்னும் சுவாரசியம். ராஜ உடையாருக்குப் பின் 1617ல் பட்டத்துக்கு வந்தது மகன் அல்ல, பேரன். அங்கிருந்து நம்பிக்கை வேர்விட்டது. ஆனால் 'பிள்ளையே இல்லை' என்பது சரியில்லை. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பட்டத்துக்குரிய மகன் இல்லை, 1865ல் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். சாமராஜேந்திரருக்கு மகன் பிறந்தார், அவர்தான் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். நால்வடிக்குக் குழந்தை இல்லை, 1940ல் தம்பி மகன் ஜெயசாமராஜேந்திரர் வந்தார். அவருக்கு மகன் ஸ்ரீகண்டதத்தர். ஸ்ரீகண்டதத்தர் 2013ல் பிள்ளையில்லாமல் காலமானார். 2015ல் யதுவீரைத் தத்தெடுத்தார்கள். 2017 டிசம்பரில் யதுவீருக்கு மகன் பிறந்தபோது 'நானூறு வருடச் சாபம் தீர்ந்தது' என்று செய்தி ஓடியது.

கவனித்தீர்களா? ஒன்று விட்டு ஒன்று. அதனால் ஊர் சாபத்தைத் திருத்திக்கொண்டது: பட்டத்தில் பிறந்த அரசனுக்குப் பிள்ளை இருக்காது, தத்து வந்தவனுக்கு இருக்கும். இந்தத் திருத்தத்தின்படி பார்த்தால் 2017ல் சாபம் தீரவில்லை, தத்து வந்தவருக்குப் பிள்ளை பிறந்து அது சொன்னபடியேதான் நடந்திருக்கிறது! ஜேக்கப்ஸின் கதையைச் சினிமாக்காரர்கள் காலத்துக்கேற்ப மாற்றியது மாதிரி, மைசூர்க்காரர்களும் தங்கள் கதையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் மாற்றவில்லை, அவள் பெயரை. எந்த வம்சத்தை அலமேலம்மா சபித்தாளோ, அந்த வம்சத்தின் அரண்மனையிலேயே நவராத்திரியில் அவளுக்குப் பூஜை நடக்கிறது. இதில் பயம் எவ்வளவு, குற்ற உணர்ச்சி எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பாதத்தை நெருப்பில் எறிவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

வரம் வாங்கி மாட்டிக்கொள்வது நமக்கும் புதிதில்லை. கைகேயிக்கு வரம் கொடுத்த தசரதன் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுச் செத்தான். அதனால்தானோ என்னவோ, நான் பள்ளியில் படித்த அன்று குரங்குப் பாதக் கதையைத் தமிழில் சொன்னபோது அப்பா பக்கீரைப் பற்றிக் கண்டுகொள்ளவே இல்லை.

அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து எழுபதுகளில் வேலை தேடி மைசூர் வந்தவர். ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். கதை முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "அது என்ன மெஷின்? கார்டு போட்டிருந்தாங்களா?"

கதையில் அது இல்லை என்றேன். "அதானே. அதை எழுதமாட்டாங்க" என்றுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அன்று புரியவில்லை. இங்கே வந்த பிறகு தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் 1897ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. ஆலை, சுரங்கம், ரயில்வே போன்ற வேலைகளில் விபத்தில் இறந்தால், முதலாளி மேல் தவறு இருக்கிறதா என்று நிரூபிக்காமலே குடும்பத்துக்குப் பணம் உண்டு. மூன்று வருடச் சம்பளம் அல்லது 150 பவுண்டு, எது அதிகமோ அது. 300க்கு மேல் கிடையாது. (இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் 1923ல் வந்தது.) ஜேக்கப்ஸ் எழுதிய 200 பவுண்டு மந்திரத் தொகை இல்லை. அன்றைய சட்டத்தின் ஏட்டில் ஓர் இளைஞனின் உயிருக்கு இருந்த விலைக்குள் சரியாக அடங்கும் தொகை. 1902ல் அதைப் படித்த எந்தத் தொழிலாளி வீட்டுக்கும் அது தெரிந்திருக்கும். பாதத்தைப் பார்த்துப் பயந்தது கதை. மெஷினைப் பார்த்துப் பயந்தவர் அப்பா.

இப்போது சொந்தக் கதை கொஞ்சம். 2018ல் அம்மா சாமுண்டி மலைப் படியெல்லாம் ஏறி வேண்டிக்கொண்டாராம், அந்தத் தசராவுக்கு நான் மைசூரில் இருக்க வேண்டும் என்று. நான் ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. லீவு, வீட்டுக்கடன், பெண்ணின் பள்ளி, ஏதோ ஒன்று. அந்தத் தசராவுக்கு நான் மைசூரில் இருந்தேன். ஜம்பு சவாரிக்கு மூன்று நாள் முன்னால் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன ராத்திரி அம்மா சொன்னார்: "நாந்தான்டா கேட்டேன். எப்படி வரணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

அம்மா ஜேக்கப்ஸைப் படித்ததில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு, டாக்டர் இரண்டு வருடம் முன்பே எச்சரித்தார், உன் வேண்டுதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தலக்காட்டு மணலுக்கு அணைக்கட்டுதான் காரணம் என்று சொல்வதைப் போலத்தான். சரியான விளக்கம், கேட்கிறவருக்கு ஆறுதல் தராத விளக்கம். வேண்டுதல் அவரைக் கொல்லவில்லை. ஆனால் நாலு வருடம் நான் போகாதது நிஜம். பாதத்தின் மேல் பழி போட முடியாத விஷயம் அது.

அதற்கப்புறம் அம்மா என் வரவைப் பற்றி வேண்டிக்கொள்வதில்லை. நேரடியாகப் போனில் கேட்கிறார், அதுவும் நிபந்தனைகளோடு: "எல்லாரும் நல்லா இருந்து, லீவும் கெடைச்சு, உங்களுக்கும் தோணிச்சுன்னா வாங்க."

பெண்ணுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். அலமேலம்மா கதையை முழுதும் சொன்னேன். கேட்டுவிட்டு, குரங்குப் பாதத்தைவிட இதுதான் பயமாக இருக்கிறது என்றாள். ஏன் என்றேன். "இதுல அவங்களுக்குப் பேரு இருக்குப்பா."

இந்த வருடம் தசராவுக்கு மூன்று டிக்கெட் போட்டாகிவிட்டது. தலக்காட்டுக்கு ஒரு நாள், அவள் மணலைப் பார்க்க வேண்டுமாம். நேற்று போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெயில்ல மணல் சுடும், காலைல சீக்கிரம் போயிடணும்" என்றார்.